முதுகில் ஓடிய கோடு

சின்னத் தாத்தாவின் முதுகைச் சொறிந்துவிடுவது எங்கள் வீட்டில் என் வேலை. அவர் அப்பாவுக்குச் சித்தப்பா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசிவரை எங்களோடுதான் லயத்தில் இருந்தார். சாயங்காலம் வாசலில் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார் என்றால் கூப்பிடப்போகிறார் என்று தெரிந்துவிடும். "பாப்பா, அந்தச் சீப்ப எடுத்துக்கிட்டு வாம்மா, சயாம் சொறி கெளம்பிருச்சு" என்பார்.

அது சாதாரணச் சொறி இல்லை. புண் இருக்காது, கொப்புளம் இருக்காது. இடுப்புக்கு மேலே சிவப்பாக ஒரு கோடு தடித்து எழும்பும். சில நாள் இருக்கும், பிறகு தடமே தெரியாமல் போய்விடும். மாதம் ஒருமுறையோ இரண்டு முறையோ திரும்ப வரும். "அது ஓடும் பாப்பா, ஒரு எடத்துல நிக்காது" என்று சொல்வார். எனக்கு நம்பிக்கை இல்லை. ஒன்பது வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிவியில் தமிழ்ப் படம் போட்டதும் கோட்டின் முனையில் நீலப் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது கோடு புள்ளியைத் தாண்டி மூன்று விரல் தூரம் போயிருந்தது. நான் கத்தியதில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். சின்னத் தாத்தா மட்டும் சிரித்தார். "நாந்தான் சொன்னேன்ல?"

1943-இல் அவருக்கு இருபது வயது. தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றினார்கள். பிறகு சாமான் ஏற்றும் ரயில் பெட்டியில் சயாமுக்கு. மூன்று மாத வேலை என்று சொன்னார்களாம். திரும்பிவர இரண்டரை வருடம் ஆனது. இடது கணுக்காலுக்கு மேலே ஒரு குழி இருந்தது. அதில் என் கட்டைவிரல் சரியாகப் பொருந்தும். அதைப் பற்றிக் கேட்டால் பேசுவார். மற்றதைக் கேட்டால் எழுந்து போய்விடுவார்.

1989-இல் அவருக்கு இளைப்பு வந்தது. மூச்சு வாங்கியது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள். ஒரு வாரம் நன்றாக இருந்தார், நன்றாகச் சாப்பிட்டார். பிறகு வயிறு உப்பியது. வாந்தி, காய்ச்சல், இருமினால் இரத்தம். பத்து நாளில் போய்விட்டார். "வயசாயிருச்சு" என்றார்கள். அறுபத்தாறு வயது. யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

கேட்க என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியவர இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

*

சயாம்-பர்மா ரயில்பாதையின் கதை நம் வாசகர்களுக்குப் புதிதல்ல. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலைப் படித்தவர்கள் இருப்பீர்கள். தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டவர்களும் இருப்பீர்கள். ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன்.

தாய்லாந்தின் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை ஏறத்தாழ 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளையும் சேர்த்துவிட்டார்கள். வேலை செய்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேல். அவர்களில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சத்துக்கும் அதிகம் என்று மதிப்பிடுகிறார்கள். பர்மியர், ஜாவானியர், மலாயர், சீனர், கூடவே மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்கள். இறந்த ஆசியர்கள் 90,000 வரை இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

இந்த இரண்டு கணக்குகளுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். கைதிகளின் எண்ணிக்கை பெயர்ப்பட்டியலிலிருந்து வருகிறது. நம்மவர்களின் எண்ணிக்கை மதிப்பீட்டிலிருந்து வருகிறது. கைதிகளோடு அவர்களுடைய ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் எட்வர்ட் டன்லப் போன்றவர்கள் யாருக்கு எந்த நாளில் வயிற்றுக்கடுப்பு, யாருக்குக் கால் எடுக்கப்பட்டது என்று ஒளித்து ஒளித்து எழுதிவைத்தார்கள். ஜாக் சாக்கர் என்ற பிரிட்டிஷ் கைதி புண் பிடித்த கால்களையும், அழுகிய சதையைக் கரண்டியால் சுரண்டி எடுப்பதையும் வரைந்து மறைத்துவைத்தார். அந்தப் படங்கள் இன்றும் இருக்கின்றன. என் சின்னத் தாத்தாவின் கணுக்கால் குழி எப்படி வந்தது என்று நான் தெரிந்துகொண்டது ஒரு வெள்ளைக்காரரின் காலைப் பார்த்துத்தான்.

1943-இன் மழைக்காலத்தில் காலரா பரவியபோது ஆசியத் தொழிலாளர் முகாம்களில்தான் சாவு அதிகம். கக்கூஸ் இல்லை. கொதிக்கவைத்த தண்ணீர் இல்லை. குடும்பமாகப் போனவர்களும் இருந்தார்கள். நிலைமை முற்றியதும் ஜப்பானியர்கள் சிங்கப்பூரின் சாங்கி முகாமிலிருந்து கைதிகளாக இருந்த மருத்துவர்களையும் உதவியாளர்களையும் அனுப்பினார்கள். ஜூன் மாதம் போனது 'கே ஃபோர்ஸ்', ஏறக்குறைய 230 பேர். ஆகஸ்டில் போனது 'எல் ஃபோர்ஸ்', அதில் பாதி. பல்லாயிரம் கூலிகளுக்கு அவ்வளவுதான் மருத்துவம். மருந்தும் பெரிதாக இல்லை. அவர்களில் பலர் நாளெல்லாம் செய்தது பிணம் புதைக்கும் வேலை, எரிக்கும் வேலை. காப்பாற்றப் போனவர்களும் அதே சேற்றில் நின்றார்கள், அதே நோய்களை வாங்கிக்கொண்டார்கள்.

1945-இல் போர் முடிந்தது. கைதிகள் கப்பலேறி ஊருக்குப் போனார்கள். நம்மவர்களும் கொஞ்சம் கொஞ்சமாகத் தோட்டத்துக்குத் திரும்பினார்கள். நாம் சொல்லும் கதைகள் பெரும்பாலும் இங்கே முடிந்துவிடும். உடம்பின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

*

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரி ஒன்று இருக்கிறது. 1898-இல் தொடங்கப்பட்டது, துறைமுகத்துக்கு வரும் மாலுமிகளின் காய்ச்சல்களைப் பார்ப்பதற்காக. 1946 முதல் தூரக் கிழக்கிலிருந்து திரும்பிய போர்க்கைதிகள் அங்கே வரத் தொடங்கினார்கள். மலேரியா திரும்பத் திரும்ப வந்தது. வயிற்றுக்கடுப்பு நிற்கவில்லை. அரிசிச் சோற்றை மட்டுமே தின்று சத்தில்லாமல் கிடந்ததில் சிலருக்குப் பார்வை மங்கியிருந்தது, சிலருக்குப் பாதம் எரிந்துகொண்டே இருந்தது. இரவில் கனவு கண்டு அலறினார்கள்.

அந்தக் கைதிகள் ஊர் ஊராகச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். 1942-இல் சிங்கப்பூரைச் சரணடையவைத்த பெர்சிவல்தான் போருக்குப் பிறகு அந்தச் சங்கங்களுக்குத் தலைவராக இருந்து அவர்களுக்காக அலைந்தார். ஓய்வூதியம் கேட்டார்கள், பரிசோதனை கேட்டார்கள். 1960-களின் இறுதியிலிருந்து ஓய்வூதியத்தை நிர்ணயிப்பதற்காக முன்னாள் கைதிகளை முறையாகச் சோதிக்கும் ஏற்பாடு நடந்தது. போர் முடிந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் கழிவையும் இரத்தத்தையும் சோதித்தார்கள்.

அங்கேதான் புழுவைக் கண்டார்கள்.

அதன் பெயர் ஸ்ட்ராங்கிலாய்டிஸ். கண்ணுக்குத் தெரியாத நூற்புழு. மலம் கலந்த ஈர மண்ணில் இருக்கும். வெறுங்காலில் நடப்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போகும். இரத்தத்தோடு நுரையீரலுக்கு, அங்கிருந்து தொண்டைக்கு, விழுங்கப்பட்டுக் குடலுக்கு. மற்றக் குடற்புழுக்கள் ஆயுள் முடிந்தால் செத்துப்போகும். புதிதாகத் தொற்றாவிட்டால் ஆள் தப்பித்துவிடுவார். இந்தப் புழு அப்படியில்லை. குடலுக்குள்ளேயே முட்டை பொரித்து, குஞ்சுகள் சில வெளியே போகாமல் அதே உடம்புக்குள் திரும்பவும் துளைத்துப் புகுந்துகொள்ளும். அதனால் ஒருமுறை புகுந்தால், மருந்து கொடுக்காதவரை, சாகும்வரை இருக்கலாம். காஞ்சனபுரிச் சேற்றில் கால்வழியே ஏறிய புழுவின் வம்சம் லிவர்பூல் கிழவரின் குடலில் 1970-களிலும் வாழ்ந்துகொண்டிருந்தது.

1968 தொடங்கி முப்பது வருடத்துக்கு மேல் லிவர்பூலில் பார்க்கப்பட்ட ஏறத்தாழ 2,000 முன்னாள் கைதிகளில் 12 விழுக்காட்டினருக்கு இந்தப் புழு இருந்தது. ரயில்பாதையில் வேலை செய்தவர்களுக்கே அது அதிகம் என்றும் அந்த மருத்துவர்கள் எழுதினார்கள். பலரிடம் ஒரே அடையாளம்தான். வயிற்றிலோ இடுப்பிலோ முதுகிலோ சிவப்பாக ஒரு கோடு எழும்பும், அரிக்கும், மணிக்கு ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் வரை நகரும், சில நாளில் மறையும், திரும்ப வரும். தோலுக்கு அடியில் புழுக்குஞ்சு போகும் தடம் அது. மருத்துவத்தில் அதற்கு லத்தீனில் 'ஓடும் புழு' என்று பெயர்.

அந்தக் கட்டுரையை நான் வேறு எதற்காகவோ தேடும்போது படித்தேன். 'ஓடும்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அது ஓடும் பாப்பா.

அதற்குக் கீழே இருந்ததைப் படித்தபோது கை நடுங்கியது. புழு உள்ளவரின் உடம்பு அதை ஒரு கட்டுக்குள் வைத்திருக்கும். ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். புழு லட்சக்கணக்கில் பெருகிக் குடலையும் நுரையீரலையும் துளைக்கும். குடலின் கிருமிகளையும் இரத்தத்துக்குள் இழுத்துக்கொண்டு போகும். பலர் பிழைப்பதில்லை. இளைப்புக்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று ஸ்டீராய்டு. அதனால்தான் ரயில்பாதையில் இருந்தவர் என்று தெரிந்தால் ஸ்டீராய்டு கொடுக்குமுன் புழு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்று அந்த மருத்துவர்கள் வலியுறுத்தினார்கள். புழுவுக்கு மருந்து இருந்தது. சில நாள் விழுங்கும் மாத்திரை.

நான் நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சின்னத் தாத்தா அப்படித்தான் இறந்தார் என்று நிரூபிக்க என்னிடம் ஒரு தாள்கூட இல்லை. இளைப்புக்கு அவருக்குக் கொடுத்தது எந்த மருந்து என்று தெரியாது. இந்தப் புழு சயாமில் மட்டும் இருப்பதுமல்ல. நம் தோட்டத்து ஈர மண்ணிலும் அது உண்டு. வெறுங்காலோடு பால்மரம் வெட்டியவருக்கு அங்கேயே தொற்றியிருக்கலாம். அன்று அவரைப் பார்த்த டாக்டர் மீதும் எனக்குக் கோபமில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த கிழவர் எங்கே போய்வந்தவர் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? லிவர்பூல் டாக்டரின் மேசையில் ஒரு கோப்பு இருந்தது. அந்தக் கோப்பில், இவர் எந்த முகாமில், எத்தனை மாதம் இருந்தார் என்று எழுதியிருந்தது. எங்கள் ஆளுக்கு இருந்தது அடையாள அட்டை ஒன்றுதான். அதில் சயாம் இல்லை.

*

பேரழிவிலிருந்து பிழைத்தவர்களுக்குக் காலம் முழுக்க மருத்துவம் என்பது எங்கும் தானாக வந்ததில்லை. நமக்குத் தொடர்புள்ள இன்னோர் உதாரணத்தைச் சொல்கிறேன்.

போர்க்காலத்தில் ஜப்பான், தான் பிடித்த நாடுகளிலிருந்து மாணவர்களைத் தேர்ந்தெடுத்துத் தன் நாட்டுக்குப் படிக்க அழைத்துப்போனது. மலாயாவிலிருந்து போன மூன்று பேர் 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் இருந்தார்கள். நிக் யூசோஃப் அன்றே இறந்தார். சையத் ஓமார் தப்பி, தோக்கியோவுக்குப் போகும் வழியில் உடல்நிலை மோசமாகி, செப்டம்பர் தொடக்கத்தில் கியோத்தோவில் இறந்தார். அவர் கல்லறை இன்றும் அங்கே இருக்கிறது. மூன்றாமவர் அப்துல் ரசாக். இடிந்த வகுப்பறையிலிருந்து வெளியே வந்தவர். மலேசியாவுக்குத் திரும்பி, பின்னாளில் மாரா தொழில்நுட்பக் கழகத்தில் ஜப்பானிய மொழி கற்பித்து, 2013-இல் தம் 88-ஆம் வயதில் காலமானார்.

ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் பிழைத்தவர்களைத் தேடி அமெரிக்கர்கள் அமைத்த ஆய்வு ஆணையம் வந்தது, 1947-இல். அவர்கள் சோதித்தார்கள், அளந்தார்கள், படம் எடுத்தார்கள். வைத்தியம் பார்க்கவில்லை. "எங்களைப் பரிசோதனை எலி ஆக்கிவிட்டார்கள்" என்ற ஆத்திரம் அந்த ஊர்களில் நெடுங்காலம் இருந்தது. குண்டு விழுந்து பத்து ஆண்டுகள் அரசாங்கமும் அவர்களுக்கென்று சட்டம் எதுவும் கொண்டுவரவில்லை. 1954-இல் அமெரிக்கா பசிபிக்கில் நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையில் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகு மாட்டிக்கொண்டது. நாடே கொதித்தது. அந்தக் கொதிப்பில்தான் 1956-இல் பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் நாடு தழுவிய அமைப்பைத் தொடங்கினார்கள். நிஹோன் ஹிடான்க்யோ, 2024-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற அதே அமைப்பு. 1957-இல் மருத்துவச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டம் ஒரு சின்னப் புத்தகத்தைக் கொடுத்தது. அதைக் காட்டினால் இலவசப் பரிசோதனை, சில நோய்களுக்குச் சிகிச்சை. பிற்காலத்தில் சலுகைகள் விரிந்தன. அந்தப் புத்தகம் யாருக்குக் கிடைக்கும் என்ற வரையறையில்தான் எனக்கு ஆர்வம். குண்டு விழுந்தபோது ஊருக்குள் இருந்தவர்கள் முதல் வகை. அடுத்த இரண்டு வாரத்துக்குள் உறவினரைத் தேடியோ உதவி செய்யவோ நகர மையத்துக்குள் போனவர்கள் இரண்டாம் வகை. வெளியே இருந்துகொண்டே காயம்பட்டவர்களைக் கவனித்தவர்கள், பிணங்களைத் தூக்கியவர்கள் மூன்றாம் வகை. அப்போது தாயின் வயிற்றில் இருந்தவர்கள் நான்காம் வகை. அதாவது, பிழைத்தவரும் காப்பாற்றப் போனவரும் ஒரே சட்டத்துக்குள். சாங்கியிலிருந்து போன கே ஃபோர்ஸ் ஆட்களைப் போன்றவர்கள் அங்கே மூன்றாம் வகையில் வந்திருப்பார்கள்.

ஆனால் அங்கேயும் கோட்டுக்கு வெளியே நின்றவர்கள் இருந்தார்கள். ஹிரோஷிமாவில் ஆயிரக்கணக்கான கொரியர்கள் இருந்தார்கள், பலர் கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். போர் முடிந்து கொரியாவுக்குத் திரும்பியவர்களுக்குப் புத்தகம் இல்லை. 1970-இல் சோன் ஜின்-டூ என்பவர் வைத்தியத்துக்காகவே கள்ளத்தோணியில் ஜப்பானுக்கு வந்து பிடிபட்டார். அவர் போட்ட வழக்கு 1978-இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றது. நாடு எதுவாக இருந்தாலும் பாதிக்கப்பட்டவர் பாதிக்கப்பட்டவரே என்று ஆனது. அதற்கு முன்பே, 1974-இல், அமைச்சு இன்னொரு கதவை அடைத்திருந்தது: ஜப்பானை விட்டு வெளியேறினால் உதவித்தொகை கிடையாது. அதை உடைக்க 2002-இல் வந்த ஒசாகா உயர் நீதிமன்றத் தீர்ப்புவரை போக வேண்டியிருந்தது. வெளிநாட்டில் வாழ்பவரின் மருத்துவச் செலவையும் முழுதாகத் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2015-இல். குண்டு விழுந்து எழுபது ஆண்டுகள். கருப்பு மழையில் நனைந்தவர்கள் கோட்டுக்கு வெளியே இருந்தார்கள் என்று தள்ளப்பட்டவர்கள், 2021-இல்தான் ஹிரோஷிமா உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள்.

நியூயார்க்கிலும் இதே கதை, வேகம் மட்டும் கூடுதல். 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு ஒரு வாரத்திலேயே அங்கே காற்று சுவாசிக்கப் பாதுகாப்பானது என்று அரசு அறிவித்தது. இடிபாடுகளை அள்ளியவர்கள் அந்தத் தூசியை மாதக்கணக்கில் சுவாசித்தார்கள். இருமல், பிறகு நுரையீரல் நோய், பிறகு புற்றுநோய். ஜேம்ஸ் சட்ரோகா என்ற காவல்காரர் 2006-இல் இறந்தார். அவர் பெயரால் அமைந்த சட்டம் 2011 ஜனவரியில்தான் கையெழுத்தானது. மீட்புப் பணியாளர்களுக்கும் அந்தப் பகுதியில் வாழ்ந்தவர்களுக்கும் மருத்துவம் தரும் சட்டம். 2015-இல் அதை 2090 வரை நீட்டித்தார்கள். அந்த ஆண்டை நான் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று கைக்குழந்தையாக இருந்தவர் கிழவராகும்வரை கணக்கிட்டிருக்கிறார்கள். உடம்பு எப்போது கணக்குக் கேட்கும் என்று யாருக்கும் சொல்ல முடியாது என்பதை ஒப்புக்கொண்ட ஆண்டு அது.

இந்த இடங்களில் எல்லாம் ஒன்று பொதுவாக இருக்கிறது. முதலில் பாதிக்கப்பட்டவர்கள் தங்களுக்குள் ஒரு பட்டியல் போட்டார்கள். பிறகு கத்தினார்கள். சட்டம் கடைசியில் வந்தது.

*

நம் பக்கம் என்ன வந்தது?

1960-களில் சிங்கப்பூரில் நிலம் தோண்டியபோது ஜப்பானியர் காலத்து எலும்புகள் கிளம்பின. சீனச் சமூகம் 'இரத்தக் கடன்' கேட்டு எழுந்தது. 1967-இல் ஜப்பான் உடன்படிக்கை செய்துகொண்டது. சிங்கப்பூருக்கு 50 மில்லியன் வெள்ளி, பாதி மானியம், பாதி கடன். மலேசியாவுக்கு 25 மில்லியன் வெள்ளி மதிப்புள்ள பொருளும் சேவையும், அதில் முக்கியமானது சரக்குக் கப்பல்கள். கணக்கு அத்தோடு தீர்ந்ததாக ஆனது. கப்பல் வந்தது. எந்தத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கும், சயாமிலிருந்து வந்தவர்களைக் கூப்பிட்டு இரத்தம் எடுத்துப் பார் என்று ஒரு கடிதம் வரவில்லை.

அது செய்யமுடியாத காரியமும் இல்லை. எல்லோரும் தோட்டத்தில்தான் இருந்தார்கள். பெரட்டுக்கு நிற்கும்போது பெயர் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். கிராணியிடம் செக்ரோல் இருந்தது. டிரசர் இருந்தார். யார் யார் சயாமுக்குப் போனார்கள் என்று லயத்தில் குழந்தைக்கும் தெரியும். இன்ன வீட்டில் இன்னார், இத்தனை பேர் போய் இத்தனை பேர் திரும்பினார்கள் என்று கிழவிகள் விரல்விட்டுச் சொல்வார்கள். பட்டியல் போட ஒரு மத்தியானம் போதும். 2000-இல் பிரிட்டன் தன் முன்னாள் தூரக் கிழக்குக் கைதிகளுக்குத் தலைக்கு 10,000 பவுண்டு கொடுப்பதாக அறிவித்தது. அவர்களோடு ஒரே பாதையில் கல் உடைத்தவர்கள் பிரிட்டிஷ் கம்பெனித் தோட்டங்களின் ஆட்கள், பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் வாழ்ந்தவர்கள். அவர்கள் பெயரை யாரும் கூப்பிடவில்லை.

வெள்ளைக்காரனையும் ஜப்பான்காரனையும் குற்றம் சொல்லிக் கட்டுரையை முடிப்பது எனக்குச் சுலபம். ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. நாமும் கேட்கவில்லை. சயாம் என்றதும் எத்தனை பேர் செத்தார்கள் என்றுதான் நாம் பேசினோம், இப்போதும் பேசுகிறோம். ஒரு சிலிப்பர் கட்டைக்கு ஓர் உயிர் என்போம். அந்த வாக்கியம் மேடைக்கு நன்றாக இருக்கும். செத்தவர்களுக்கு நினைவுச்சின்னம் கேட்டோம், அது கேட்கவேண்டியதுதான். திரும்பி வந்தவர் நம் வீட்டு வாசலில் சட்டையைக் கழற்றிவிட்டு நாற்பத்து மூன்று வருடம் உட்கார்ந்திருந்தார். அவரிடம் நாம் கேட்டது கதை. உடம்புக்கு என்ன செய்கிறது என்று கேட்கவில்லை. அவர் சொன்னபோதும் அது சொறி என்று சீப்பை எடுத்துக்கொண்டு போனோம்.

இரவில் அவர் அலறுவார். "சின்ன மாமாவுக்குப் பேய்க்கனவு" என்பார் அம்மா. லிவர்பூலில் அதற்கும் மருத்துவர்கள் பெயர் வைத்திருந்தார்கள், விசாரித்து எழுதியிருந்தார்கள். எங்களிடம் திருநீறு இருந்தது. திருநீறு பூசியதைக் குறை சொல்லவில்லை, பூசியவரின் கையில் அன்பு இருந்தது. அதோடு நின்றுவிட்டோம் என்பதுதான் குறை.

சயாமுக்குப் போனவர்களில் இன்று எஞ்சியிருக்கக்கூடியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு இருந்தாலே பெரிது. அவர்களுக்கு இனி ஒரு புத்தகம் வரப்போவதில்லை. ஆனால் அவர்களோடு வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். முதுகு சொறிந்துவிட்ட பேத்திகள், புண்ணுக்கு மருந்து கட்டிய மருமகள்கள், ராத்திரி எழுந்து தண்ணீர் கொடுத்தவர்கள். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம். அவரிடம் ரயிலைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். திரும்பி வந்தபிறகு என்ன சாப்பிட்டார், என்ன சாப்பிட முடியவில்லை, கால் எரிந்ததா, கண் தெரிந்ததா, எந்த வயதில், எப்படி இறந்தார் என்று கேளுங்கள். அடுத்த வெள்ளமோ தீயோ தொற்றோ வரும்போது, முன்னால் போய் நின்றவர்களின் பெயரையும் உடம்பையும் அன்றைக்கே எழுதிவைக்கவேண்டும் என்ற பழக்கம் இந்தக் கேள்விகளிலிருந்துதான் நமக்கு வரும்.

போன தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புழு, மாத்திரை, லிவர்பூல். அம்மாவுக்கு எண்பதை நெருங்கும் வயது. வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அரிப்புதானேன்னு விட்டுட்டோமேம்மா" என்றார்.

கொஞ்சம் கழித்து அவராகவே சொன்னார். "நம்ம லயத்துலயே இன்னும் ரெண்டு பேருக்கு அது இருந்துச்சு. கடைசி வீட்டுத் தாத்தாவுக்கும், பால் ஸ்டோர்ல வேலை செஞ்சாரே, அவருக்கும். ரெண்டு பேரும் சயாமுக்குப் போனவங்கதான்."

பையில் இருந்த நோட்டை எடுத்தேன். "பேரு ஞாபகம் இருக்காம்மா?" என்று கேட்டேன். இருந்தது. இரண்டு பெயரையும் சின்னத் தாத்தாவின் பெயருக்குக் கீழே எழுதிக்கொண்டேன்.